குளம், இருக்கை, பாதை: கியோத்தோ தென்ரியூ-ஜி கோயில் தோட்ட வடிவமைப்பில் பார்வைநிலைகள்

ஆய்வுச் சுருக்கம்

கியோத்தோ நகரின் மேற்கெல்லையில் அமைந்த தென்ரியூ-ஜி பௌத்தக் கோயிலின் குளத் தோட்டம், அறிமுக நூல்களில் பெரும்பாலும் ‘குளம்சூழ் உலாத் தோட்டம்’ என்றே வகைப்படுத்தப்படுகிறது. அத்தோட்டத்தின் கல்லமைப்பையும் நிலக்கிடப்பையும் நோக்கினால், அது முதன்மையாக நடந்து காண்பதற்கு அமைக்கப்பட்டதன்று. ஓரிடத்தில் அமர்ந்து காண்பதற்கு அமைக்கப்பட்டது எனலாம். ஜப்பானியக் கோயிற்குளங்கள் பலவும் அரச, பிரபுத்துவ மாளிகைகளிலிருந்து வந்தவை. படகு, இருக்கை, பாதை என்னும் மூன்று பார்வைநிலைகள் அவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. இம்மூன்றையும் பிரித்தறிவது, ‘உலாத் தோட்டம்’, ‘ஜென் தோட்டம்’ ஆகிய வகைப்பெயர்களை எச்சரிக்கையுடன் கையாள உதவும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஜப்பானியத் தோட்டக்கலை, தென்ரியூ-ஜி, முசோ சொசெகி, உலாத் தோட்டம், இரவற்காட்சி, பார்வைநிலை.

1. முன்னுரை

ஒரு கட்டடத்தை ஆராய்பவர் அதன் வாயில் எங்குள்ளது என்பதை முதலில் கேட்பார். ஒரு தோட்டத்தை ஆராய்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதைக் காண்பவர் எங்கிருந்து காண்கிறார் என்பதே. நிற்பவர், அமர்பவர், நடப்பவர், நீரின்மேல் மிதப்பவர் ஆகியோருக்கு ஒரே குளம் ஒரே குளமாக இராது. கரையின் வளைவு, தீவின் உயரம், மரத்தின் இடம் ஆகிய அனைத்தும் காண்பவரின் இடத்தைக் கருதியே தீர்மானிக்கப்படுகின்றன. காண்பவரின் இடத்தையும் அசைவையும் சேர்த்து இக்கட்டுரை ‘பார்வைநிலை’ என வழங்குகிறது.

ஜப்பானியத் தோட்ட வரலாற்றில் ‘கய்யூ’ எனப்படும் சுற்றி உலாவும் முறை தனி வகையாகப் பேசப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இளவரசர் தொஷிஹிதோ தொடங்கி அவர் மகன் தொஷிதாதா விரிவாக்கிய கட்சுரா மாளிகைத் தோட்டமும், 1700இல் நிறைவெய்திய ஒகயாமாவின் கோராக்குஎன் தோட்டமும் இவ்வகைக்குத் தெளிவான சான்றுகள். அவற்றில் பாதையே வடிவமைப்பின் முதுகெலும்பு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காட்சி மறைய, மற்றொரு காட்சி திறக்கும். இதனை ‘மியெகக்குரெ’ என்பர். ‘தோன்றி மறைதல்’ எனத் தமிழில் கூறலாம்.

இவற்றுக்கு மூன்று நூற்றாண்டுகள் முற்பட்ட தென்ரியூ-ஜி தோட்டத்திற்கும் இதே பெயர் சூட்டப்படுவதுதான் சிக்கல். பிற்காலப் பெயர் முற்காலப் படைப்பின்மேல் ஏறும்போது, அப்படைப்பு எதற்காக அமைக்கப்பட்டது என்பது மறைந்துவிடுகிறது.

2. மாளிகைக் குளம் கோயிற்குளமாதல்

தென்ரியூ-ஜி அமைந்துள்ள சாகா பகுதியில், 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேரரசர் கோ-சாகா ‘காமேயாமா-தோனோ’ என்னும் மாளிகையைக் கட்டினார். அதன் பின்னர் அவருடைய மகன் பேரரசர் காமேயாமாவும் அதனைப் பயன்படுத்தினார். அவ்வழியில் வந்த பேரரசர் கோ-தைகோ தம் இளமையை இங்குக் கழித்தார் என்பர். 1333இல் காமாக்குரா ஆட்சி வீழ்ந்தபின் கோ-தைகோ நேரடி ஆட்சியை மீட்க முயன்றார். அவருக்குத் துணைநின்ற படைத்தலைவர் அஷிகாகா தகாவ்ஜியே பின்னர் அவரை எதிர்த்தார். தலைநகரை இழந்த பேரரசர் தெற்கே யோஷினோ மலைக்குச் சென்று, அங்கேயே 1339இல் மறைந்தார்.

அதே ஆண்டில், மறைந்த பேரரசரின் ஆன்மா அமைதியுறும்பொருட்டு ஒரு கோயில் எழுப்பத் தகாவ்ஜி முடிவுசெய்தார். அதற்கு அவர் தேர்ந்த இடம் பேரரசரின் முன்னோர் வாழ்ந்த இம்மாளிகையே. ஜென் துறவி முசோ சொசெகி (1275–1351) இதன் முதல் தலைவரானார். கட்டுமானப் பொருட்செலவுக்காக யுவான் ஆட்சியிலிருந்த சீனத்திற்கு வணிகக் கப்பல் அனுப்பப்பட்டது. ‘தென்ரியூ-ஜி கப்பல்’ என்றே அது பெயர்பெற்றது. 1345இல் கோயில் நிறைவெய்தியது.

ஆகவே முசோ வெற்று நிலத்தில் குளம் வெட்டவில்லை. கோயில் மரபுக் கதையும் இதற்கு இடந்தருகிறது. முசோ குளத்தைத் தூர்வாரியபோது, ‘சோகென்’ என்னும் ஊற்றின் ஒரு துளியைக் குறிக்கும் எழுத்துகள் பொறித்த கல் சேற்றிலிருந்து கிடைத்தது என்றும், அதனால் குளம் ‘சோகென் குளம்’ எனப் பெயர்பெற்றது என்றும் அக்கதை கூறுகிறது. இப்பெயர், ஆறாவது குருவாகப் போற்றப்படும் ஹுய்னெங் (638–713) போதித்த தென்சீனத்துச் சாவோ ஓடையைச் சுட்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் எனச் சீன மரபு கூறும் போதிதருமரை முதல் குருவாகக் கொண்ட தியானநெறியின் ஊற்றுக்கண்ணாக இக்குளத்தை அப்பெயர் ஆக்குகிறது. எனினும் கதையின் உட்குறிப்பு வேறு: தூர்வாருவதற்கு அங்கு ஏற்கெனவே ஒரு குளம் இருந்தது.

இது தென்ரியூ-ஜிக்கு மட்டும் உரியதன்று. பேரரசர் சாகாவின் மாளிகை 876இல் தைகாக்கு-ஜி கோயிலாயிற்று. அதன் ஓசவா குளம் இன்றும் உள்ளது. புஜிவாரா யொரிமிச்சியின் உஜி மாளிகை 1052இல் பியோதோ-இன் கோயிலாக்கப்பட்டது. அஷிகாகா யொஷிமிட்சுவின் கிதயாமா மாளிகை அவர் 1408இல் மறைந்தபின் ரொக்குஓன்-ஜி எனப்படும் பொன்மண்டபக் கோயிலாயிற்று. மணலும் கல்லும் மட்டும் கொண்ட முற்றத்திற்குப் புகழ்பெற்ற ரியோஆன்-ஜியிலும், கற்றோட்டத்தைவிடப் பழையது அங்குள்ள பெருங்குளமே. அது முன்பு தொகுதாய்ஜி குடும்பத்தின் மாளிகைக்கு உரியது. இவ்வரிசையை நோக்கும்போது, கோயிற்குளத் தோட்டம் என்பது பெரும்பாலும் மாளிகையிடமிருந்து மரபுரிமையாகப் பெறப்பட்ட தோட்டம் என்பது புலனாகும்.

3. முதற்படிவம்: படகு

ஹெய்யான் காலப் பிரபுக்களின் மாளிகைகளில், முதன்மைக் கட்டடத்தின் தெற்கே வெண்மணல் முற்றமும், அதற்கப்பால் தீவுகள் கொண்ட குளமும் அமைந்தன. விழா நாள்களில் டிராகன் தலையும் நீர்ப்பறவைத் தலையும் செதுக்கப்பட்ட படகுகள் இசைக்கலைஞர்களுடன் குளத்தில் மிதந்தன. ஓசவா குளத்தில் இலையுதிர்கால நிலவைக் காணும் விழாவில் இத்தகைய படகுகள் இன்றும் விடப்படுகின்றன.

படகுக்குரிய குளத்தின் இலக்கணம் எளியது: நீர்ப்பரப்பு விரிந்திருக்கும்; தீவுகளுக்கிடையே படகு செல்ல வழியிருக்கும்; கரை தாழ்ந்திருக்கும். 11ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததும் தச்சிபானா தொஷிட்சுனாவுக்கு உரியதெனக் கருதப்படுவதுமான ‘சகுதெய்கி’ என்னும் தோட்டநூல் இம்மாளிகை மரபை விளக்குகிறது. தோட்டம் அமைத்தலை அந்நூல் கற்களை நிறுத்தும் கலையாகவே காண்கிறது. முதலில் நிறுத்திய கல் எதை வேண்டுகிறதோ அதற்கேற்ப அடுத்த கல்லை வைக்க வேண்டும் என்பது அதன் நெறிகளுள் ஒன்று. பின்வந்த கோயில் தோட்டங்கள் படகைக் கைவிட்டன. கல்லைப் பற்றிய இந்நெறியைக் கைவிடவில்லை.

4. இரண்டாம் படிவம்: இருக்கை

சோகென் குளம் கோயில் தலைவரின் கூடமாகிய ‘ஹோஜோ’வுக்கு மேற்கே உள்ளது. கூடத்தின் திண்ணையில் அமர்ந்து மேற்கு நோக்குபவருக்குக் காட்சி அடுக்கடுக்காக விரிகிறது. முதலில் வரியிட்ட வெண்சரளைப் பரப்பு. அடுத்துத் தாழ்ந்த வளைகரையும் நீரும். எதிர்க்கரையில் நெட்டுக்குத்தாக நிற்கும் பாறைத் தொகுதி. அதன் பின் காமேயாமா குன்றின் மரச்சரிவு. இடப்புறம் தொலைவில் அராஷியாமா மலை. அண்மையிலுள்ளவை யாவும் கிடைநிலையில் படிந்திருக்க, சேய்மையிலுள்ளவை யாவும் எழுந்து நிற்கின்றன. இவ்வேறுபாடே சிறிய குளத்திற்கு ஆழத்தைத் தருகிறது.

இவ்வமைப்பின் மையம் எதிர்க்கரையிலுள்ள ‘ரியூமோன்பாக்கு’, அதாவது டிராகன் வாயில் அருவி. மஞ்சளாற்றின் கடும் நீர்வீழ்ச்சியை எதிர்த்தேறும் கெண்டை மீன் டிராகனாக மாறும் என்னும் சீனத் தொன்மத்தை இது கல்லில் காட்டுகிறது. ஜென் மரபில் அம்மீன் விடாமுயற்சியால் விழிப்பெய்தும் பயிற்சியாளருக்கு உவமை. பொன்மண்டபக் கோயிலின் டிராகன் வாயிலில் கெண்டைக்கல் அருவியின் அடியில் தாவத் தயாராகச் சாய்ந்துள்ளது. தென்ரியூ-ஜியிலோ அது அருவியின் இடைப்பகுதியில், மீனாகவும் இன்றி டிராகனாகவும் ஆகாத நிலையில் நிறுத்தப்பட்டுள்ளது. முன்னாளில் இங்கு நீர் விழுந்தது. இன்று அருவி வறண்டு கல்மட்டுமே நிற்கிறது. அருவியின்முன் செதுக்கப்படாத மூன்று தட்டைக் கற்களால் ஆன பாலம் உள்ளது. ஜப்பானில் எஞ்சியுள்ள இவ்வகைக் கற்பாலங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அருகே நீரிலிருந்து எழும் கூர்ங்கற்களின் சிறுதீவு, அமரர் வாழும் ஹோராய் மலையைக் குறிப்பதாகக் கொள்வர்.

நெட்டுக்குத்துப் பாறைகள், அவற்றினூடே மெல்லிய கிடைக்கோடாகப் பாலம், பின்னே மலை என்னும் இவ்வடுக்கில் சோங் காலச் சீன நிலக்காட்சி ஓவியத்தின் சாயலை ஆய்வாளர் பலர் கண்டுள்ளனர். ஓவியத்திற்கு ஒரு முன்புறம் உண்டு, இத்தொகுதிக்கும் உண்டு. பாறைகளின் முகம் கிழக்கு நோக்கியது. பாலம் அதன் முழு நீளமும் கிழக்கிலிருந்து தெரியுமாறு கிடக்கிறது.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். இன்றுள்ள ஹோஜோ 1899இல் கட்டப்பட்டது. அதைக் கொண்டு 14ஆம் நூற்றாண்டுப் பார்வைநிலையைத் தீர்மானிக்கலாமா? கட்டடத்தைச் சான்றாகக் கொண்டால் இவ்வையம் நியாயமானதே. ஆனால் இங்குச் சான்றாவது கட்டடமன்று, கல். எதிர்க்கரைக் கற்கள் எத்திசையை நோக்கி அடுக்கப்பட்டுள்ளனவோ, அத்திசையிலேயே அவற்றைக் காண்பவர் இருந்திருக்க வேண்டும்.

இக்கல்லமைப்பு முசோவுக்கு முற்பட்டது, காமேயாமா மாளிகைக் காலத்தில் சீனக் கைவினைஞர் வழியாக வந்திருக்கலாம் என்று கருதுவோரும் உளர். ஆசிரியர் யார் என்னும் இவ்விவாதம் பார்வைநிலை பற்றிய முடிவை மாற்றுவதில்லை. முசோ கற்களை நிறுத்தியிருப்பினும், முன்பே நின்ற கற்களைத் தம் கோயிலின் நடுக்காட்சியாக ஏற்றிருப்பினும், குளம் அமர்ந்து காணும் பொருளாயிற்று என்பதே பொது.

5. எல்லைக்கு வெளியே தோட்டம்

தோட்டத்திற்கு வெளியேயுள்ள மலையைக் காட்சியின் பகுதியாக்கும் உத்தியைச் ‘சக்கெய்’ என்பர். அதனை ‘இரவற்காட்சி’ எனலாம். தென்ரியூ-ஜியில் இது கண்ணால் மட்டும் நிகழவில்லை, பெயரிடுதலாலும் நிகழ்ந்தது. 1346இல் முசோ கோயிலைச் சார்ந்த பத்துக் காட்சிகளைத் தேர்ந்து அவற்றைக் கவிதையில் பாடினார். அவற்றுள் சோகென் குளம் ஒன்று மட்டுமே. ஓய் ஆறு, அதன்மேலுள்ள தொகெட்சு பாலம், அராஷியாமா மலை, தொனசெ அருவி ஆகியவையும் அப்பத்தில் அடங்கும். அராஷியாமாவுக்கு அவர் இட்ட பெயர், புத்தர் மலரை உயர்த்திக் காட்டியபோது மகாகாசியபர் மட்டும் புன்னகைத்த நிகழ்வைச் சுட்டுவது. தொனசெ அருவிக்கு இட்ட ‘மூன்றடுக்குப் பாறை’ என்னும் பெயர் டிராகன் வாயிலைச் சுட்டுவது. குளத்தங்கரையில் கல்லால் காட்டிய தொன்மத்தையே மலையருவியிலும் அவர் பெயரால் நிலைநாட்டினார்.

இங்கு வரலாறும் வடிவமைப்பும் ஒன்றையொன்று தொடுகின்றன. பேரரசர் கோ-சாகா காலத்தில் யோஷினோவிலிருந்து செர்ரி மரங்கள் கொணர்ந்து அராஷியாமாவில் நடப்பட்டன என்பது மரபு. எனவே கூடத்தில் அமர்ந்தவர் குளத்திற்கப்பால் கண்ட மலை, பேரரசர் நாடிழந்து மறைந்த யோஷினோவின் மரங்களைத் தாங்கிய மலை. எவர்பொருட்டு இக்கோயில் எழுந்ததோ அவருடைய இளமைக்கால மாளிகையின் குளமும், அவர் மறைந்த மலையின் மரங்களும் ஒரே பார்வைக்கோட்டில் வருகின்றன. அவரை எதிர்த்தவரே கட்டிய கோயிலில் இக்காட்சி அமைந்திருப்பது, இத்தோட்டத்தை அழகுப்பொருள் என்பதிலிருந்து நினைவுச்சின்னமாக உயர்த்துகிறது.

6. மூன்றாம் படிவம்: பாதை

இன்று தென்ரியூ-ஜிக்கு வருவோர் கூடத்திற்கும் குளத்திற்கும் இடையே நடந்து, வடக்கே பேரரசர் கோ-தைகோவின் உருவம் வைக்கப்பட்டுள்ள தஹோதென் மண்டபத்தைக் கடந்து, சரிவில் ஏறி, வடவாயில் வழியே மூங்கிற்காட்டை அடைகின்றனர். அம்மண்டபம் 1934இல் கட்டப்பட்டது. நடப்பவருக்குக் குளம் பக்கவாட்டில் நகர்கிறது. கற்றொகுதி ஒன்றையொன்று மறைத்துக் குவிகிறது. சரிவை நெருங்க நெருங்க அண்மையிலுள்ள மரங்கள் உயர்ந்து தொலைமலையை மறைக்கின்றன. அதாவது, கட்சுராவில் பாதை காட்சியைத் திறக்கிறது. இங்குப் பாதை காட்சியிலிருந்து விலகுகிறது.

பாதைக்கும் முசோவுக்கும் தொடர்பில்லை என்பது இதன் பொருளன்று. அவர் 1339இல் புதுப்பித்த சாய்ஹோ-ஜி கோயில் இதற்கு மறுசான்று. அங்கே கீழ்நிலையில் தீவுகளுடன் கூடிய பொற்குளமும், மேல்நிலையில் நீரின்றிக் கல்லால் மட்டும் அருவியைக் காட்டும் வறண்ட தோட்டமும் உள்ளன. கீழிருந்து மேலேறாமல் இரண்டையும் ஒருங்கே காண இயலாது. நீரிலிருந்து நீரற்ற அருவிக்கு ஏறும் அந்நடையே அங்கு வடிவமைப்பு. பொற்குளத்தில் இரவில் நங்கூரமிட்ட படகுகள்போல் வரிசையாகக் கற்கள் நிற்கின்றன. அவை பழைய நடைகூடத்தின் அடிக்கற்கள் என்று கருதுவோரும் உண்டு. படகாகக் கொண்டால், மிதந்த பார்வைநிலை கல்லாக உறைந்து நிற்பதாகச் சொல்லலாம். சாய்ஹோ-ஜியை இன்று புகழ்பெறச் செய்துள்ள, ஏறத்தாழ 120 வகையினதான பாசிப்பரப்பு முசோவின் திட்டத்தில் இல்லாதது. பிற்கால நூற்றாண்டுகளில் பராமரிப்புக் குன்றியபோது தானே படர்ந்தது. இன்று காண்பது எல்லாம் அன்று எண்ணியது அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

7. வகைப்பெயர்களின் எல்லை

‘உலாத் தோட்டம்’ என்பதைப் போலவே ‘ஜென் தோட்டம்’ என்பதும் பிற்காலப் பெயர். அமெரிக்க எழுத்தாளர் லொரேன் கக் 1935இல் கியோத்தோ தோட்டங்களைப் பற்றி எழுதிய நூலின் வழியே அது பரவியது என்பர். டச்சு ஆய்வாளர் வைபெ கைதெர்ட் போன்றோர் இப்பெயரை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியுள்ளனர். அஷிகாகா ததயொஷியின் வினாக்களுக்கு முசோ விடையளித்த ‘முச்சூ மோந்தோ’ நூலிலும், தோட்டத்தை ஞானத்தின் வடிவமாக அவர் உயர்த்தவில்லை. மலையையும் நீரையும் விரும்புவோருள் பெருமைக்காக விரும்புவோரும், பயிற்சிக்குத் துணையாகக் கொள்வோரும் உளர் என அவர் பிரிக்கிறார். நன்மையும் தீமையும் நிலக்காட்சியில் இல்லை, காண்பவர் உள்ளத்திலேயே உள்ளன என்பது அவர் கருத்தின் சாரம். தோட்டத்தின் பொருள் காண்பவரைச் சார்ந்தது என்னும் இக்கருத்து, பார்வைநிலையை முதன்மைப்படுத்தும் ஆய்வுமுறைக்கும் அரணாகிறது.

தென்ரியூ-ஜி எட்டு முறை பெருந்தீக்கு இரையானது. இறுதித் தீ 1864இல் நிகழ்ந்த உள்நாட்டு மோதலின்போது ஏற்பட்டது. ஒவ்வொரு முறையும் கூடம் எரிந்தது. கல்லும் நீரும் மலையும் எஞ்சின. மீண்டும் எழுந்த கூடத்தின்முன் அதே கற்கள் கிழக்கு நோக்கி நின்றன. ‘பண்டைய கியோத்தோவின் வரலாற்றுச் சின்னங்கள்’ என்னும் பெயரில் 1994இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இக்கோயில் இடம்பெற்றது. பாதுகாக்க வேண்டியது குளமும் கற்களும் மட்டுமல்ல. கூடத்திற்கும் மலைக்கும் இடைப்பட்ட தடையற்ற பார்வைக்கோடும் ஆகும்.

8. முடிவுரை

சோகென் குளம் மாளிகையில் பிறந்து, கோயிலில் அமர்ந்து காணும் காட்சியாகி, பிற்காலத்தில் நடந்து காணும் இடமாயிற்று. ‘உலாத் தோட்டம்’ என்னும் பெயர் இவற்றுள் இறுதிப் படிவத்தை மட்டுமே குறிக்கிறது. வடிவமைப்பின் ஆற்றலோ நடுப்படிவத்தில் உள்ளது. தமிழில் ஜப்பானியத் தோட்டக்கலையை அறிமுகப்படுத்துவோர், குளம், பாதை, கல் என உறுப்புகளைப் பட்டியலிடுவதோடு நில்லாமல், அவ்வுறுப்புகள் எவ்விடத்திலிருந்து காண்பவருக்காக அமைந்தன என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். அவ்வாறு கூறும்போது, அருவியின் பாதிவழியில் நிற்கும் கெண்டைக்கல் வெறும் அலங்காரமாகத் தோன்றாது. எதிரே அசையாது அமர்ந்திருப்பவரின் நிலையைச் சுட்டும் குறியாகப் புலப்படும்.